ஒரு வெளிச்சம் போதும்

மலைநாட்டுக்குப் பிரயாணஞ் செய்வோர் முன்னாளில் கம்பளிப் போர்வை ஒன்றையும் குடை ஒன்றையும் மறவாமல் எடுத்துச் செல்வர். இந்நாளில் அவ்விரண்டையும் மறந்தாலும் கமராவை மறப்பாரில்லை. நானும் அக்கூட்டத்தில் ஒருவனே. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் போயா விடுமுறையோடு இரண்டு நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு மலையேறியபோது, பரீட்சை விடைத்தாள் திருத்திச் சேர்த்த பணத்தில் வாங்கிய டிஜிட்டல் கமரா ஒன்று என் தோளிலே தொங்கியது. அதன் தலையிற் பூட்டும் பிளாஷ் விளக்கு பையில் இருந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு 8 படங்கள் தொடர்ச்சியாக எடுக்க வல்லது அந்தக் கமரா. இருளைப் பகலாக்கும் விளக்கு ஒருபுறம், இமைப்பதற்குள் எட்டுப் படம் மறுபுறம். இவ்விரண்டும் கைவசமிருக்க எந்தக் காட்சிதான் தப்பிவிடும் என்று இறுமாந்திருந்தேன். அந்த இறுமாப்பு இரண்டே நாளிற் கரைந்த கதையை இங்கே சொல்லப் புகுகின்றேன்.

என்னிடம் பௌதிகவியல் கற்றுப் பின்னர் தாமும் ஆசிரியராகிவிட்ட மாணவர் ஒருவரின் அழைப்பே இப்பிரயாணத்துக்குக் காரணம். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டமொன்று அவருடைய ஊர். அவ்வாண்டு அங்கே நடைபெறவிருந்த காமன் கூத்தில் அவருடைய தாத்தா இறுதி முறையாக ரதி வேடம் புனைகின்றார் என்று தொலைபேசியிற் சொன்னார். “சேர், தாத்தாவுக்கு வீட்டில ஒரு படமும் இல்ல. அடையாள அட்டையில இருக்கிறது மட்டுந்தான். நீங்க வந்து ஒரு நல்ல படம் எடுத்துத் தரணும்” என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

நாவலப்பிட்டியைக் கடந்ததும் புகையிரதம் மூச்சிரைக்கத் தொடங்குகின்றது. இந்த இருப்புப்பாதை ஹட்டனை அடைந்தது 1884-இல்; நானுஓயாவை எட்டியது அதற்கடுத்த ஆண்டில். தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக அமைத்த பாதை இன்று மனிதரை ஏற்றிச் செல்கின்றது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் வருகின்றது. அரைக் கிலோமீற்றருக்கும் நீண்ட அவ்விருளினுள் வண்டி நுழைந்ததும் பெட்டியிலிருந்த பிள்ளைகள் யாவரும் கூக்குரலிட்டனர். இளைஞர் ஒருவர் இருளைப் படம் பிடிக்க எண்ணிக் கண்ணாடி யன்னலை நோக்கிப் பிளாஷை மின்னவிட்டார். கமராவின் திரையில் அவருடைய முகமே தெரிந்தது! நான் உள்ளூர நகைத்தேன். நகைத்தவன் நகைக்கப்படும் நாள் தூரத்தில் இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

முதல் நாள் நுவரெலியாவில் தங்கினேன். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கும் அந்நகரில் மார்ச் மாதத்துக் காலை வெயில் தெளிவாக இருந்தது. பிற்பகலிலோ எதிர்பாராமற் பனிமூட்டம் இறங்கி மலைச்சரிவை மூடிவிட்டது. பாதையோரத் தோட்டத்திற் பெண்கள் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அனுமதி கேட்டேன்; தலையசைத்தனர். மங்கலான ஒளிக்குத் துணையாகப் பிளாஷைப் பூட்டிச் சடசடவென்று எடுத்தேன்.

திரையைப் பார்த்தால், பெண்களுக்கு முன்னே பருத்திப் பஞ்சு வெடித்ததுபோல் வெண்புள்ளிகள்! மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளிகளுட் கமராவுக்கு அண்மையில் உள்ளவையே பிளாஷின் ஒளியை மிகுதியாகப் பெற்றுத் திருப்பி அனுப்புகின்றன. தூரத்துப் பெண்களை அவ்வொளி சென்றடைவதற்கு முன்பே படம் வெளுத்துவிடுகின்றது. இரவில் மூடுபனியிடையே வாகனத்தின் பெரிய விளக்கைப் போட்டாற் பாதை மறைந்துபோவதும் இக்காரணத்தினாலேதான். கண்ணைக் கசக்கியபடி ஓர் அம்மையார், “சேர், மின்னல் அடிச்சா கொழுந்து தெரியலீங்க” என்றார். பறிக்கும் நிறையைக் கொண்டு கூலி கணக்கிடும் தொழிலிலே என் மின்னல் தின்றது அவருடைய நேரத்தை. வெட்கத்துடன் விளக்கைக் கழற்றினேன். அது இல்லாமல் எடுத்த படத்திற் பனிமூட்டம் பனிமூட்டமாகவும், பெண்கள் பெண்களாகவும் இருந்தனர்.

மறுநாட் காலை பேருந்தில் ஹட்டனை நோக்கி இறங்கினேன். தலவாக்கலைக்கு அப்பால் சென். கிளயர் நீர்வீழ்ச்சியும் டெவன் நீர்வீழ்ச்சியும் பாதையிலிருந்தே தெரியும். 2012-இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென். கிளயரின் நீர்ப்பெருக்குக் குறைந்துவிட்டது. ஹட்டன் நிலையத்தருகே மாணவர் காத்திருந்தார். டிக்கோயாவைத் தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக நோர்வூட்டுக்குச் சென்றோம். “கூத்து இரவிலதான் சேர். அதுக்கு முன்னால ஒரு இடம் காட்டுறேன்” என்று கூறி அவர் என்னை அழைத்துச் சென்ற இடம், பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம்.

அங்கே ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது அடக்கஞ் செய்யப்பட்டிருக்கின்றார். உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படும் கலைஞர் அவர். 48-ஆவது வயதில், 1863-இல், மகளும் மருமகனும் அன்பளித்த கமராவே அவருக்கு முதற் கமரா. அதைக் கொண்டு டார்வின், டெனிசன் போன்றோரின் முகங்களை அழியாச் சித்திரங்களாக்கினார். குடும்பத்துக்கு இலங்கையிலே தோட்டங்கள் இருந்தமையால் 1875-இற் கணவருடன் இங்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிற் காலமானார். கோப்பிச் செடிகள் நோயுற்று மடிய, தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை சிலவே. அவற்றிலே தோட்டத்து உழைப்பாளரும் ஊர் மக்களும் காணப்படுகின்றனர்.

அவருக்குப் பிளாஷ் இல்லை, தொடர்முறையும் இல்லை. ஈரமான கண்ணாடித் தகட்டில் ஒரு படம் விழுவதற்கு, எதிரே அமர்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். அந்த உழைப்பாளர் அவ்வாறு பொறுமை காத்து முகங் கொடுத்தனர். ஆயினும் பெரும்பாலான படங்களில் அவர்தம் பெயர்கள் எழுதப்படவில்லை. கமராவின் எதிரே நிற்பவர் எடுப்பவருக்கு எதையோ தருகின்றார், அதற்குக் கைம்மாறாக என்ன பெறுகின்றார் என்ற கேள்வி அந்தக் கல்லறையின் அருகே எனக்கு எழுந்தது.

மாலையில் தோட்டத்தை அடைந்தோம். லயத்தின் வாசலிலே பெரியவர் அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்த மெலிந்த உருவம். விரதமிருப்பதால் அன்று தேநீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளவில்லை. பதினேழு வயதில் முதன்முதல் ரதியாக வேடமிட்டவராம். படம் எடுப்பது பற்றிப் பேச்செடுத்தபோது அவர் சிரித்தார். “எங்க காலத்துல படம்னா விண்ணப்பத்துல ஒட்டுறதுக்குத்தான் சேர்” என்றார். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் பத்திரத்துக்காகக் காத்திருந்த ஒரு சமூகத்தின் கதை அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

காமன் கூத்தை அறியாத வாசகருக்காகச் சில வார்த்தைகள். தவத்திலிருந்த சிவபெருமான்மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்ததும், நெற்றிக்கண் திறந்து அவனை எரித்ததும், ரதி புலம்பி வரம் பெற்றதுமாகிய புராணக் கதையே இக்கூத்தின் பொருள். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாட் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் இரவு தோறும் பாட்டும் ஆட்டமும் நிகழும். இறுதி இரவில் தகனம். தப்பு என்னும் பறைதான் உயிர்நாடி. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் வேறெதையும் கொண்டுவர இயலாத நிலையிலும் இதைக் கொண்டுவந்தார்கள். இது வெறும் நாடகமன்று, நேர்த்திக்கடன். பிள்ளைவரம் வேண்டுவோரும் நோய் நீங்க வேண்டுவோரும் கம்பத்தடியில் வந்து நிற்பர்.

இரவு பத்து மணிக்குத் தப்பு முழங்கிற்று. காமன் பொட்டலைச் சுற்றி நான்கைந்து மின்குமிழ்கள், இரண்டு தீப்பந்தங்கள்; அதற்கப்பால் மலையிருள். செம்பட்டும் நீண்ட பின்னலும் அரிதாரமுமாகப் பெரியவர் அடியெடுத்து வைத்தபோது, மாலையிற் கண்ட கிழவர் மறைந்துபோனார். நாணமும் நடையும் ரதிக்கே உரியனவாக இருந்தன. நான் முன்வரிசைக்கு ஓடிப் பிளாஷை முழுவலுவில் வைத்து விசையை அழுத்தினேன். இரண்டு விநாடி, பதினாறு படங்கள். வெற்றிப் பெருமிதத்துடன் திரையைப் பார்த்தேன். முதற் படம் வெளிச்சம். மற்றப் பதினைந்தும் கருங்காகம்! அந்த ஒரு படத்திலும் ரதியின் கண்கள் இறுக மூடியிருந்தன.

மீண்டும் எடுத்தேன், மீண்டும் அதே விளைவு. மூன்றாம் முறை மின்னியபோது பெரியவரின் கால் மேடுபள்ளமான தரையிலே தடுமாறிற்று. தப்பின் தாளத்தை அவர் ஒரு கணம் தவறவிட்டார். கூத்தைப் பயிற்றுவிக்கும் காமன் மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல் ஒன்றும் இல்லை. அந்தப் பார்வையே போதும். நான் கமராவைத் தாழ்த்திக்கொண்டு பின்னே போய் ஒரு கல்லின் மேல் அமர்ந்தேன்.

என் மாணவர் தேநீருடன் அருகே வந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, “சேர், கொள்ளளவி நிறையிறதுக்கு நேரம் வேணுமே” என்று பணிவோடு சொன்னார். ஆண்டுதோறும் கரும்பலகையிற் கொள்ளளவியை வரைந்து, அது ஏற்றமடையும் வளைகோட்டை மாணவர் தலையில் ஏற்றிய ஆசிரியன் நான்! அந்தப் பாடம் என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன்.

மாணவ வாசகர்களுக்கு அப்பாடத்தை இங்கே மீட்டுரைக்கின்றேன். பிளாஷில் உள்ள நான்கு சிறு பற்றரிகளால் நேரடியாக அத்தகைய பேரொளியைத் தர இயலாது. அவை சுற்றொன்றின் வழியாகக் கொள்ளளவியைச் சுமார் 300 வோல்ட் வரை ஏற்றுகின்றன. விசை அழுத்தப்பட்டதும் அம்மின்னேற்றம் செனன் வாயு நிறைந்த குழாயினூடே பாய்ந்து, முழுவலுவிற் சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடி ஒளிர்கின்றது. சொட்டுச் சொட்டாக நிறையும் தொட்டியை ஒரே கவிழ்ப்பிற் கவிழ்ப்பது போன்றது இது. தொட்டி மீண்டும் நிறைய 3 முதல் 5 விநாடி செல்லும். கமராவோ அதற்குக் காத்திராமல் விநாடிக்கு எட்டாக ஓடுகின்றது. ஆகவே முதற் படத்துக்குப் பின் வருவன யாவும் இருளே. சில கமராக்களில், உடன் அமைந்த சிறு பிளாஷை உயர்த்தியதும் தொடர்முறை தானாகவே நின்றுவிடும். அது குறையன்று, அறிவுடைமை.

அப்படியாயின் பிளாஷும் தொடர்முறையும் ஒருபோதும் சேராவோ? சேரும், ஆனால் தொட்டியைக் கவிழ்க்காமற் கரண்டியால் மொள்ளுதல் வேண்டும். பிளாஷின் வலுவை 32-இல் ஒரு பங்காகக் குறைத்தால், நிறைந்த கொள்ளளவி கணக்கின்படி 32 சிறு ஒளிகளைத் தரும். ஒளி குறைந்ததை ஈடுசெய்யக் கமராவின் உணர்திறனை உயர்த்தலாம். அதை 100-இலிருந்து 1,600 ஆக்கினால், முன்பு வேண்டிய ஒளியிற் பதினாறில் ஒரு பங்கே போதும். பொருளை அணுகி நிற்பதும் உதவும். தூரம் பாதியானால் தேவையான ஒளி நாலில் ஒன்றாகும். வலு குறையும்போது மின்னலின் காலமும் சுருங்குவதால் அசைவு கூர்மையாக உறைகின்றது. அமெரிக்காவிலே மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹரல்ட் எட்ஜர்ட்டன் 1930-களில் இத்தகைய குறுகிய மின்னல்களைக் கொண்டுதான் பாற்றுளி தெறிப்பதைப் படமாக்கினார்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. ஓய்வின்றி மின்னவிட்டால் விளக்கின் தலை சூடேறிக் கெட்டுவிடும். பல விளக்குகள் அதற்கு முன்பே தாமாக நின்றுவிடுகின்றன. பழுதுபட்ட பிளாஷைப் பிள்ளைகள் திறந்து பார்த்தலாகாது. அணைத்த பின்னும் கொள்ளளவியில் உயிருக்கு ஆபத்து விளைக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பாடத்தைச் சோதிக்க இடமும் கிடைத்தது. பொட்டலுக்கு அப்பால் இளைஞர் இருவர் தப்பைத் தீயிற் காய்ச்சி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களின் அனுமதியோடு அண்மையில் நின்று, வலுவை 32-இல் ஒன்றாக்கி, முகத்தைத் தவிர்த்துக் கைகளை நோக்கி ஆறு படங்கள் தொடர்ந்து எடுத்தேன். ஆறும் ஒளி பெற்றிருந்தன. குச்சி உயர்ந்து தோலைத் தொட்டு மீளும் ஆறு நிலைகளும் படியடுக்குப்போல் அமைந்தன. இளைஞர் சிரித்து, “இன்னொரு தடவ அடிக்கவா சேர்?” என்று கேட்டனர்.

நள்ளிரவுக்குப் பின் இடைவேளையிற் பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கோரினேன். அவர் வியர்வையை ஒற்றிக்கொண்டே சொன்னார்: “படம் புடிங்க சேர், வேணாங்கல. பேரப்புள்ள ஆசப்பட்டுக் கூட்டியாந்திருக்கான். ஆனா சாமி நெத்திக்கண்ணத் தொறக்குற நேரத்துல மட்டும் அந்த மின்னல் வேணாம். அங்க ஒரு வெளிச்சம் போதும்.”

நான் பிளாஷைக் கழற்றிப் பையில் வைத்தேன். இனி எடுக்கும் படங்கள் யாவும் அங்கிருக்கும் ஒளியைக் கொண்டே என்று முடிவு செய்து, உணர்திறனை 3,200 ஆக்கிப் பின்வரிசையிலே நின்றுகொண்டேன்.

விடியற்காலை நான்கு மணியிருக்கும். மின்குமிழ்களை அணைத்துவிட்டனர். குளிரிற் போர்த்தியிருந்த பிள்ளைகளைத் தாய்மார் எழுப்பினர். தப்பு ஒன்றன்மேல் ஒன்றாக முறுகிச் சென்று திடீரென்று நின்றது. சிவன் வேடமிட்டவர் நிமிர்ந்தார். வைக்கோற் குவியலிற் தீ பற்றிற்று. பொட்டல் முழுவதும் பொன்னிறமாயிற்று. மன்மதன் மறைய, ரதி அந்தத் தீயை நோக்கித் திரும்பினாள். என் விரல் அழுந்தியது. மூன்று விநாடி, இருபத்து நான்கு படங்கள். ஒருவர் கண்ணும் கூசவில்லை. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னர் கமராவைத் தொங்கவிட்டு ரதியின் புலம்பலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இருபத்து நான்கிற் பெரும்பாலானவை அசைந்து கலங்கியிருந்தன. ஒன்று மாத்திரம் தெளிவாக விழுந்திருந்தது. தீயின் ஒளி முகத்தின் ஒரு பாதியில், மறுபாதி இருளில், கண்கள் அகலத் திறந்திருந்தன. பிளாஷ் மின்னியிருந்தால் அந்தத் தீ வெளிறி, முகம் தட்டையாகி, வேடம் வெறும் வேடமாகவே தெரிந்திருக்கும்.

பொழுது புலர்ந்தபின் பெரியவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, வெள்ளை வேட்டியுடன் லயத்தின் வாசலில் அமர்ந்தார். வாசலொளி மென்மையாக விழுந்தது. “தாத்தா, சேரைப் பாருங்க” என்றார் மாணவர். ஒரே ஒரு படம் எடுத்தேன். அதுவே போதுமானதாயிற்று.

அன்று பிற்பகல் ஹட்டன் நகரில் இரண்டு படங்களையும் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தோம். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதினேன். பொகவந்தலாவையிற் கண்ட கல்லறை எனக்குக் கற்பித்த பாடம் அது. வாசற்படத்தைப் பெரியவர் பார்த்துத் தலையசைத்துப் பேரன் கையிற் கொடுத்தார். ரதியின் படத்தை மாத்திரம் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்; கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“எங்க அம்மா மாதிரியே இருக்கு சேர்” என்றார் கடைசியில். “அவங்களுக்குப் படமே கெடையாது. இனிமே இது இருக்கு.”

இப்போதும் அந்தக் கமரா என்னிடம் இருக்கின்றது. விநாடிக்கு எட்டுப் படம் எடுக்கும் அதன் வல்லமை குறையவில்லை. பிளாஷும் பழுதின்றி மின்னுகின்றது. இரண்டையும் பயன்படுத்துகின்றேன். ஆயினும் விசையில் விரல் வைக்கும்போதெல்லாம், தொட்டி நிறைந்திருக்கின்றதா என்பதோடு, எதிரே நிற்பவருக்கு இந்த வெளிச்சம் வேண்டுமா என்றும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கின்றேன்.